பழைய வேட்டி, பெட்ஷீட், தலையணை உறை: தைக்கப் பழகுவோருக்கு

நான் முதன்முதலில் தைத்த பைஜாமா கால் மணி நேரம் உழைத்தது. பழைய பெட்ஷீட்டை வெட்டி, இரண்டு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து தைத்தது. போட்டுக்கொண்டு சாப்பிடச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பின்பக்கம் டர்ரென்றது. தையல் பிரியவில்லை, அது அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் துணிதான் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

எதிர்வீட்டில் பல வருடமாக ஜாக்கெட் தைத்துக்கொடுக்கும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என் தையலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இது எந்த எடம்னு பாத்தீங்களா தம்பி? படுக்கறவங்க இடுப்பு அழுந்தற எடம். பெட்ஷீட்ல தேஞ்சு போனதக் கொண்டாந்து பைஜாமாலயும் அதே எடத்துலயே வெச்சிருக்கீங்க" என்றார்.

பழைய துணியில் தைப்பவருக்கு முதல் பாடம் அதுதான். கடையில் வாங்கிய புதுத்துணி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி இருக்கும், எங்கே வேண்டுமானாலும் கத்திரி வைக்கலாம். பழைய துணி அப்படி இல்லை. ஓரிடத்தில் புதிது போலவும் இன்னோரிடத்தில் கொசுவலை போலவும் இருக்கும். எந்த இடத்தை உடம்பின் எந்தப் பகுதிக்குக் கொண்டுவருவது என்று தீர்மானிப்பதுதான் பாதி வேலை. மெஷின் ஓட்டுவது அதற்கு அப்புறம்.

அப்படியானால் பழகுகிறவர் புதுத்துணியிலேயே ஆரம்பிக்கலாமே என்று கேட்கலாம். நான் வேண்டாம் என்பேன். புதுப் பருத்தித்துணி முதல் சலவையில் சுருங்கும், சில நேரம் சாயம் போகும். நூறு தடவை துவைத்த துணியில் இந்த இரண்டும் எப்போதோ முடிந்துபோயிருக்கும். வெட்டியது கோணலானாலும் நெஞ்சு பதறாது, மிஞ்சிப்போனால் கைப்பிடித் துணியாகும். இன்னொரு லாபமும் உண்டு. வேட்டிக்குக் கரை இருக்கிறது, பெட்ஷீட்டுக்கு மடித்துத் தைத்த ஓரம் இருக்கிறது, தலையணை உறையில் பக்கத்தையலே இருக்கிறது. யாரோ ஏற்கெனவே நேராகத் தைத்துவைத்த இந்த ஓரங்களை உடுப்பின் கீழ்மடிப்பாகவும் இடுப்புப்பட்டியாகவும் மாற்றிக்கொண்டால் புதிதாகப் பழகுகிறவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

எந்தத் துணி தேறும்?

துணியைத் துவைத்துக் காயவைத்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். தேய்ந்த இடம் வெளிறி, நூல் நூலாகத் தெரியும். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிடுங்கள். சந்தேகமான இடத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்காகவும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சத்தம் வந்தாலோ நூல் விலகினாலோ அந்த இடம் ஆகாது. துணி மேல் பரிதாபப்பட்டு மெதுவாக இழுக்க வேண்டாம். இப்போது கிழியாவிட்டால் உடுத்தியிருக்கும்போது கிழியும்.

பெட்ஷீட்டில் பெரும்பாலும் நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கும். தலையணை இருக்கும் பக்கம், கால்மாட்டு ஓரம், மெத்தைக்கு அடியில் செருகும் பகுதி எல்லாம் திடமாக இருக்கும். வேட்டியில் உட்காரும் இடமும் இடுப்பில் முடிச்சு விழும் மூலையும் போயிருக்கும். கட்டிப் பழகிய புடவையில், செருகும் இடத்தையும் தரையில் உரசும் கீழ்க்கரையையும் பாருங்கள். தலையணை உறையில் தலை படும் நடுப்பகுதியில் தேய்மானத்தைவிட எண்ணெய்தான் பிரச்சினை.

பருத்திதானா என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த கெட்டி மணியாக உறையும், விரலால் நசுக்க முடியாது. பாலியெஸ்டர் கலந்த பெட்ஷீட்டில் இரவு உடுப்பு தைத்தால் சித்திரை மாதத்தில் போட முடியாது. பை தைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலைப் பெட்ஷீட், கைத்தறித் துண்டு, மல்லு வேட்டி, நைந்த சுங்குடிப் புடவை எல்லாம் தாராளமாகத் தைக்கலாம். பவானி ஜமக்காளத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் ஊடை நூல் தடிமனானது. வீட்டு மெஷினில் நாலு மடிப்பு வந்தால் ஊசி ஒடிந்து தெறிக்கும். ஒருமுறை என் கண்ணாடியில் வந்து பட்டிருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தது நல்லதாயிற்று.

கறை, எண்ணெய், கஞ்சி

தலையணை உறையில் ஊறிய தேங்காயெண்ணெய் சாதாரணச் சலவையில் முழுக்கப் போகாது, இஸ்திரி போடும்போது வாசனை கிளம்பும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறை மேல் தேய்த்து அரை மணி நேரம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் வாஷிங் சோடா போட்டு ஊறவைத்தால் பெரும்பகுதி போய்விடும். மஞ்சள் கறை மேல் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறம் காரத்தில் அப்படித்தான் ஆகும். அலசி வெயிலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும், அந்த நிறம் வெயில் தாங்காது.

அடுத்தது கஞ்சி. பழகுகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய வேட்டி தண்ணீர் மாதிரி வழுக்கும், கோடு போட்டால் நகரும், கத்திரி வைத்தால் சுருளும். சோறு வடித்த கஞ்சியைப் பருக்கையில்லாமல் வடிகட்டி, ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் துணியை முக்கிப் பிழிந்து உலர்த்துங்கள். முக்கால் காய்ந்து லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள். துணி காகிதம் மாதிரி நிற்கும். அதன் மேல் பென்சிலாலும் கோடு போடலாம். தைத்து முடித்து ஒருமுறை துவைத்தால் கஞ்சி போய்ப் பழைய மென்மை திரும்பிவிடும். குக்கரில் சோறு வைக்கிற வீடாக இருந்தால் இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியைக் கரையக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்?

இஞ்ச் டேப், சாக்கட்டி, குண்டூசி, நூல் பிரிக்க ஒரு சின்னக் கத்திரி, துணிக்கு மட்டுமே வைத்திருக்கும் ஒரு பெரிய கத்திரி. அந்தப் பெரிய கத்திரியால் வீட்டில் யாராவது பால் பாக்கெட் வெட்டினால் சண்டை போடுங்கள், தப்பில்லை.

மெஷின் கால்மிதியானாலும் மோட்டார் வைத்ததானாலும் சரி. ஊசிதான் முக்கியம். மெல்லிய வேட்டிக்கு 11-ஆம் நம்பர், பெட்ஷீட்டுக்கு 14. முனை மழுங்கிய ஊசி பழைய துணியில் நூலை இழுத்து ஏணி மாதிரி கோடு விழவைக்கும். ஒவ்வொரு பெரிய உடுப்புக்கும் ஊசி மாற்றினால்கூட நஷ்டமில்லை.

தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நாம் நினைப்போம். பழைய துணியில் அது தலைகீழ். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரத்து ஓட்டைகளைப் போல வரிசையாகத் துளை விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு இஞ்சுக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் போதும். முரட்டு நூலும் வேண்டாம், இழுபடும்போது துணியை அறுத்துவிடும். மெல்லிய துணி ஊசித் துளைக்குள் இழுபட்டுச் சிக்கினால் அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடுங்கள்.

மெஷினே இல்லையா? கீழே சொல்லப்போகும் கவுனையும், பச்சைக் குழந்தைக்குப் போடும் ஜபலாவையும் கையாலேயே தைக்கலாம். ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போய், மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் கொண்டுவந்து ஒரு தையல் போட்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

வெட்டும் முன் இன்னும் ஒரு விஷயம். துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. கரைக்கு இணையாக ஓடுவதுதான் பாவு. உடுப்பின் நீளம் பாவு வழியே வந்தால் தொங்கல் நேராக விழும். அதற்காகப் பழைய பெட்ஷீட்டின் ஓரத்தை நம்பி அளக்காதீர்கள், வருடக்கணக்கில் முறுக்கிப் பிழிந்து கோணலாகியிருக்கும். ஓரத்தில் ஒரு நூலை உருவுங்கள். அது விட்டுப்போன தடம்தான் உண்மையான நேர்கோடு.

தலையணை உறையில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கவுன்

இதில் ஆரம்பியுங்கள். பக்கத்தையலும் கீழ்மடிப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் செய்யவேண்டியது கை நுழையும் வெட்டும் கழுத்தும் மட்டும்.

வழக்கமான உறை 17-க்கு 27 இஞ்ச் இருக்கும். திறந்த பக்கம் கவுனின் கீழ்ப்பக்கம், மூடிய பக்கம் கழுத்து. மூன்று வயதுக்கு நெஞ்சுக்கு மேலிருந்து முழங்கால் வரை ஏறக்குறைய 20 இஞ்ச் வரும். மேல்மடிப்புக்கு ஒன்றேகால் சேர்த்து, கீழேயிருந்து 21¼ இஞ்சை அளந்து கோடு போட்டு, மூடிய பக்கத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். உங்கள் குழந்தை உயரமா குட்டையா என்று டேப் வைத்துப் பார்த்த பிறகே வெட்டவும்.

திறந்த பக்கத்தில், தலையணையைச் செருகி மூட ஒரு உள்மடல் இருக்குமே, அதைப் பிரிக்க வேண்டாம். எந்தப் பக்கத்துத் துணியிலிருந்து மடங்கி வருகிறதோ அந்தப் பக்கத்தோடே படியவைத்து, மடலின் மேல் ஓரத்தில் நேராக ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். அகலமான கீழ்மடிப்பு கிடைத்துவிடும்.

இனி உறையை நீளவாக்கில் சரிபாதியாக மடியுங்கள், இரண்டு பக்கத்தையல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வரவேண்டும். மேல் மூலையில், பக்கத்தையலிலிருந்து உள்ளே 2 இஞ்ச், மேலிருந்து கீழே 5 இஞ்ச் குறித்து, இரண்டையும் குடையின் கைப்பிடி வளைவு போலச் சேருங்கள். நான்கு அடுக்கையும் சேர்த்து வெட்டினால் இரண்டு கைக்கும் ஒரே அளவு வரும். வெட்டியதும் அக்குளில் பக்கத்தையலின் முனை திறந்திருக்கும். முன்னும் பின்னுமாக நாலு தையல் போட்டு அதைப் பூட்டிவிடுங்கள்.

வளைந்த ஓரத்தை மடித்துத் தைக்க முயன்றால் சுருக்கம் விழும். கிராஸ் பட்டி வேண்டும். தலையணை உறை ஜோடியாகத்தானே வரும், இரண்டாவதைப் பிரித்து மூலைக்கு மூலை சாய்வாக மடித்து, அந்தச் சாய்வுக்கோட்டுக்கு இணையாக ஒன்றேகால் இஞ்ச் அகலத்தில் பட்டிகள் வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய துணி ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும், வளைவோடு வளைந்து கொடுக்கும். ஒரு கைக்கு 12 இஞ்ச் நீளம் போதும். பட்டியைக் கவுனின் வெளிப்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்துக் கால் இஞ்சில் தையுங்கள். வளைவில் அரை இஞ்சுக்கு ஒன்றாகக் கத்திரி முனையால் சின்ன வெட்டுகள் கொடுங்கள், தையலைத் தொட்டுவிடாமல். பிறகு பட்டியை முழுக்க உள்பக்கம் திருப்பி, பிசிறை மடித்து இன்னொரு தையல். முதல் கை அசிங்கமாக வரும். இரண்டாவது கை நன்றாக வரும். முதலாவதைப் பிரித்துத் திரும்பத் தைப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், குழந்தை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

அடுத்து முன்பக்க மேல் ஓரத்தைக் கால் இஞ்ச் மடித்து, மறுபடி ஒரு இஞ்ச் மடித்துத் தையுங்கள். நாடா ஓட ஒரு குழாய் கிடைக்கும். பின்பக்கமும் அப்படியே. இரண்டாவது உறையிலிருந்தே இரண்டரை இஞ்ச் அகலத்தில் 30 இஞ்ச் நீள நாடா இரண்டு வெட்டி, நாலாக மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஊக்கில் மாட்டி முன்குழாயில் ஒன்று, பின்குழாயில் ஒன்று ஓட்டிச் சுருக்கினால் தோள் மேல் இரண்டு பக்கமும் முடிச்சுப் போடலாம். குழாயின் நடுவில் நாடாவையும் சேர்த்து ஒரு தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் குழந்தை விளையாட்டாக உருவிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

வெட்டி எடுத்த மூடிய பகுதி ஏறக்குறைய ஆறு இஞ்ச் ஆழத்தில் ஒரு பை மாதிரி மிஞ்சியிருக்கும். வாய் ஓரத்தை மடித்து நாடா கோத்தால் சுருக்குப் பை. என் அண்ணன் மகள் கவுனைவிட அதைத்தான் ரொம்ப நாள் வைத்திருந்தாள், புளியங்கொட்டை போட.

வேட்டியில் ஜபலா

பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித்துணியைச் சுற்றும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்த மென்மை புதுத்துணியில் கிடைக்காது என்பதுதான் காரணம். ஒரு நாலுமுழ வேட்டி கிட்டத்தட்ட இரண்டு கெஜம், அதாவது 72 இஞ்ச். தேய்ந்த இடத்தைக் கழித்தாலும் நாலைந்து ஜபலா தேறும். ஜரிகைக்கரை வேட்டியானால் கரையை முழுக்க வெட்டி நீக்குங்கள், உறுத்தும்.

ஒரு ஜபலாவுக்கு 16 இஞ்ச் அகலம், 22 இஞ்ச் நீளம். நீளத்தை இரண்டாக மடித்தால் 11 இஞ்ச் ஆகும், அந்த மடிப்புதான் தோள். அகலத்தையும் இரண்டாக மடியுங்கள், 8 இஞ்ச். இப்போது நான்கு அடுக்கு. இரண்டு மடிப்புகளும் சேரும் மூலைதான் கழுத்து.

மூலையிலிருந்து தோள் மடிப்பு வழியே ஒன்றேமுக்கால் இஞ்ச். முன்கழுத்துக்குக் கீழே ஒன்றேமுக்கால், பின்கழுத்துக்கு முக்கால் இஞ்ச் போதும். ஆகவே நாலு அடுக்கையும் முக்கால் ஆழத்தில் வெட்டிவிட்டு, பிறகு முன்பக்கத்தை மட்டும் இறக்குங்கள். கைக்கு, வெளி ஓரத்தில் தோள் மடிப்பிலிருந்து 4 இஞ்ச் கீழே குறித்து உள்நோக்கி நேர்கோடு. உடம்புக்கு, நடுமடிப்பிலிருந்து 5 இஞ்சில் கீழே நேர்கோடு. இரண்டும் சந்திக்கும் அக்குளைச் செங்கோணமாக விடாமல் பாட்டில் மூடி வைத்து வளைத்துவிடுங்கள். வெட்டியதும் பின்பக்கத்தை நடுமடிப்பில் மேலிருந்து கீழ்வரை திறந்துவிடுங்கள். தலை வழியாகப் போட்டுக் கழற்றும் உடுப்பு பச்சைக் குழந்தைக்கு ஆகாது.

பக்கங்களைப் பிரெஞ்சுத் தையலாகப் போடவேண்டும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ஒரே ஓரத்தை இரண்டு தடவை தைக்கிறோம், அவ்வளவுதான். முதலில் கால் இஞ்ச் விட்டு ஒரு தையல். பிசிறைப் பாதியாகக் கத்தரித்து, அக்குள் வளைவில் இரண்டு மூன்று சின்ன வெட்டுக் கொடுத்து, துணியை மறுபக்கம் திருப்பி, பிசிறு உள்ளே மாட்டிக்கொள்ளும்படி மறுபடி கால் இஞ்ச் விட்டு ஒரு தையல். ஓரம் பிரியாமல் பூட்டும் ஓவர்லாக் மெஷின் இல்லாமலே பிசிறு மறைந்துவிடும். ஆனால் அந்தத் தடித்த ஓரம் உள்பக்கம் இருந்தால் குழந்தையின் அக்குளில் அழுந்தும். அதற்கும் வழி இருக்கிறது. வேட்டிக்குத்தான் இரண்டு பக்கமும் ஒன்றாயிற்றே, தைத்து முடித்ததும் வெளியே திருப்பி, தடித்த தையல் வெளிப்பக்கமாகவே போட்டுவிடுங்கள். இனி மடிக்கும் ஓரங்களையும் அந்த வெளிப்பக்கத்துக்கே மடியுங்கள்.

கழுத்துக்குக் கிராஸ் பட்டி, மற்ற ஓரங்களுக்கெல்லாம் கால் இஞ்சாக இரண்டு மடிப்பு. பின்னால் கட்ட இரண்டு ஜோடி நாடா, கழுத்துக்குக் கீழே ஒன்று, நடுமுதுகில் ஒன்று. நாடா ஒவ்வொன்றும் ஐந்து இஞ்சுக்கு மேல் வேண்டாம். நீளமாக இருந்தால் கழுத்தைச் சுற்றும் ஆபத்து. பட்டன், ஊக்கு, லேஸ் எதுவும் வைக்காதீர்கள். முடிந்ததும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, நன்றாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்துவையுங்கள்.

பெட்ஷீட்டில் பைஜாமா

இனி அந்தக் கிழிந்த கதைக்கு வருவோம். அப்போது நான் பெட்ஷீட்டின் கால்மாட்டு ஓரத்தையே பைஜாமாவின் கால் மடிப்பாக வைத்திருந்தேன். கீழ்மடிப்பு தைக்கிற வேலை மிச்சம் என்று ஒரு கெட்டிக்காரத்தனம். அங்கிருந்து 30 இஞ்ச் மேலே போனதும் பைஜாமாவின் உட்காரும் இடம் சரியாகப் பெட்ஷீட்டின் தேய்ந்த நடுப்பகுதியில் போய் நின்றது. அக்கா அதைத் தலைகீழாகத் திருப்பினார். தலைமாட்டு ஓரம் இடுப்புக்கு, நடுப்பகுதி கணுக்காலுக்கு. தலையணைக்கு அடியில் இருந்த துணி உட்காரும் இடமாகிறது, தேய்ந்த பகுதி இழுப்பே இல்லாத கணுக்காலுக்குப் போய்விடுகிறது. பெட்ஷீட்டைத் தலைமாடு கால்மாடு மாற்றி மாற்றிப் போடுகிற வீடுகளில் இரண்டு ஓரத்தில் எது திடமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டபுள் பெட்ஷீட் 90-க்கு 100 இஞ்ச். அதில் இரண்டு காலும் அடுத்தடுத்து வசதியாக வந்துவிடும். 60 இஞ்ச் அகலமுள்ள சிங்கிள் மெலிந்தவருக்குத்தான் காணும்.

தாள் வடிவமெல்லாம் வேண்டாம். உங்களுக்குத் தளர்வாக, சரியாக இருக்கிற ஒரு பழைய பருத்திப் பைஜாமாவை எடுங்கள். பனியன் துணியாக இருந்தால் அது இழுபடும், அளவு ஏமாற்றிவிடும். ஒரு கால் மேல் இன்னொரு கால் வரும்படி நீளவாக்கில் மடித்து, பின்பக்கக் கவட்டை வளைவு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இழுத்துவிடுங்கள்.

பெட்ஷீட்டின் ஒரு பக்கத்தை உள்நோக்கி ஒரு காலின் அகலத்துக்கு மடியுங்கள். அந்த மடிப்பின் மேல் பைஜாமாவின் வெளிப்பக்க ஓரத்தையும், தலைமாட்டு மடிப்பின் மேல் அதன் இடுப்பையும் வையுங்கள். வெளிப்பக்கம் தையலே வராது, மடிப்பே போதும். இடுப்பு எலாஸ்டிக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் அரை இஞ்ச் தள்ளிக் கோடு போடுங்கள். இடுப்பு நேராக இருப்பதால் உட்கார இடம் போதாமல் போகலாம், அதற்காகக் கவட்டையை ஒன்றரை இஞ்ச் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். கணுக்காலுக்குக் கீழே மடிக்க இரண்டு இஞ்ச். இரண்டு அடுக்கையும் இந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். பிறகு மேல் அடுக்கில் மட்டும் கவட்டை வளைவை ஒன்றேகால் இஞ்ச் உள்ளே தள்ளி வெட்டினால் அது முன்பக்கம். மறுகாலுக்குப் பெட்ஷீட்டின் எதிர்ப்பக்கத்தை அதே போல் மடித்து, முதல் காலைப் புரட்டி மேலே வைத்து வெட்டுங்கள். புரட்டாமல் வெட்டினால் இரண்டும் இடது காலாகிவிடும். இந்தத் தப்பைச் செய்யாத தையல்காரரே கிடையாது.

இப்போது தையல். தலைமாட்டு மடிப்பில் முக்கால் இஞ்ச் எலாஸ்டிக் நுழையுமானால் அதுவே இடுப்புப்பட்டி. ஆனால் அப்படியே கவட்டையைச் சேர்த்துத் தைத்தால் குழாய் அடைபட்டுவிடும், எலாஸ்டிக் ஓடாது. ஆகவே ஒவ்வொரு காலிலும் மடிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு இஞ்ச் பிரித்து விரித்துவையுங்கள். மடிப்பு ஒல்லியாக இருந்தால் முழுவதையும் பிரித்துக் கடைசியில் அகலமாக மடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு காலையும் தனித்தனியாக உள்தொடைத் தையல் போட்டுக் குழாயாக்குங்கள். முன் ஓரமும் பின் ஓரமும் நீளத்தில் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் கவட்டை முனையிலிருந்து கீழ்நோக்கிச் சேர்த்துவாருங்கள், மிச்சம் கணுக்காலில் போகட்டும். அடுத்து, ஒரு காலை வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பி, திருப்பாத மறுகாலுக்குள் நுழையுங்கள். வெளிப்பக்கமும் வெளிப்பக்கமும் முகம் பார்த்தபடி இருக்கும். உள்தொடைத் தையல்கள் இரண்டையும் குண்டூசியால் சேர்த்துக் குத்திவிட்டு, முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை ப மாதிரி வரும் ஓரத்தை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அதே கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தையல். பைஜாமாவில் இழுப்பு எல்லாம் இங்கேதான். உள்ளே போன காலை உருவினால் ஒரு முழு பைஜாமா கையில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஒரு வித்தையாகத்தான் தெரிகிறது.

இடுப்பு மடிப்பைத் திரும்ப மடித்துத் தைத்து, நடுப்பின்பக்கம் மட்டும் இரண்டு இஞ்ச் வாய் விடுங்கள். எலாஸ்டிக் உங்கள் இடுப்பளவில் மூன்று இஞ்ச் குறைவாக இருக்கட்டும். ஊக்கில் மாட்டி ஓட்டி, முறுக்கு விழவில்லை என்று பார்த்து, முனைகளை ஒரு இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சதுரமாகத் தைத்து வாயை மூடுங்கள். கணுக்கால் மடிப்பைப் போட்டுப் பார்த்த பிறகே தையுங்கள்.

புடவைக்கு இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுமிக்குப் பாவாடை என்றால் இடுப்புச் சுற்றளவைப் போல இரண்டரை மடங்கு அகலம் வெட்டி, திடமான கரை கீழே வரும்படி வைத்தால் கீழ்மடிப்பு தைக்கவே வேண்டாம். மேலே எலாஸ்டிக், பக்கத்தில் ஒரு தையல், ஒரு மணி நேர வேலை.

எதைத் தைத்தாலும் முதல் சலவை முடிந்ததும் தையல் ஓரங்களைத் திரும்ப ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையலை ஒட்டி நூல் விலகி வரிசையாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் சீக்கிரம் போகும். அதே துணியில் மிஞ்சிய துண்டை இரண்டு இஞ்ச் அகலத்துக்கு உள்பக்கம் வைத்து, ஓரங்களை மடித்து ஓட்டுத்தையலால் பிடித்துவிடுங்கள். என் இரண்டாவது பைஜாமாவில் அப்படி ஒரு ஒட்டு இருக்கிறது. மூன்று வருடமாக அதைப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.